காளியின் கண் நிற்க, சலங்கை ஓட

குலசேகரப்பட்டினம் தசராவில் முதல் வருஷம் நான் எடுத்த படங்கள் இன்னும் ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. நானூறு படத்துக்கு மேல். காளி, குறத்தி, குரங்கு, கரடி, ராஜா, போலீஸ் என்று ஒரு வேஷம் பாக்கியில்லை. எல்லாம் பளிச்சென்று, சடையில் ஒரு முடிகூடக் கலங்காமல் விழுந்திருக்கின்றன. கேமரா தலையில் ஃப்ளாஷை மாட்டி, ஷட்டரை, அதாவது கேமராவுக்குள் வெளிச்சத்தை விடுகிற திரையை, 1/200 செகண்ட் மட்டும் திறக்கும்படி வைத்து, முகத்துக்கு நேராக அடித்தேன். கல்யாண ரிசப்ஷன் மேடையில் தினமும் செய்கிற வேலை அது. அதையே அங்கேயும் செய்துவிட்டு, பெருமையோடு ஊர் திரும்பினேன்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஸ்டூடியோ அண்ணாச்சியிடம் படங்களைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாற்பது ஐம்பது படம் தாண்டியதும் நிறுத்தினார்.

"படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. மேளச் சத்தம்தான் கேக்கல."

அந்த ஒரு வார்த்தையைச் சரிசெய்ய எனக்கு நாலைந்து தசரா பிடித்தது. அந்த நாலைந்து வருஷத்தில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். ராத்திரியில் ஆட்டம், ஊர்வலம், கோயில் கொடை விழா என்று படமெடுக்கிற தம்பி தங்கைகளுக்குப் பயன்படும்.

குலசேகரப்பட்டினம் என்கிற குலசை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. திருச்செந்தூரிலிருந்து தெற்கே கடலோரமாகப் போனால் வரும் ஊர். முத்தாரம்மன் கோயில் தசரா பத்து நாள் நடக்கும். பத்தாம் நாள் நள்ளிரவில் கடற்கரையில் சூரசம்ஹாரம். நேர்ச்சை இருப்பவர்கள் மாலை போட்டு, காப்புக் கட்டி, வேஷம் தரித்து, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி அதை அம்மனுக்குச் செலுத்துவார்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தசரா குழு, அவரவர் மேளத்தோடு. காளி வேஷம் போடுபவர்களின் விரதம் கடுமையானது. 40 நாளுக்கு மேல் இருப்பவர்கள் உண்டு. அப்படி இருந்தவர் கிரீடமும் நாக்கும் சலங்கையுமாக, தப்பு மேளத்தின் அடிக்கு ஆடிக்கொண்டு எதிரே வரும்போது பக்கத்தில் நின்றால் நெஞ்செலும்பு அதிரும். என் படத்தில் அந்த ஆள் கடையில் வைத்த பொம்மை மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

இரண்டாம் வருஷம் ஃப்ளாஷை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். ஷட்டரை 1/4 செகண்டுக்கு இறக்கினேன். சிவப்பும் மஞ்சளும் தங்க நிறமுமாக அருமையான கோடுகள் விழுந்தன. யாருடைய கோடு என்றுதான் தெரியவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கல். அண்ணாச்சி அதையும் பார்த்தார். "இப்பச் சத்தம் இருக்கு, ஆளைக் காணோம்" என்றார். அப்புறம்தான் அவர் காலத்துக் கதையைச் சொன்னார். ஃபிலிம் கேமராவில் ஷட்டரை, விரலை எடுக்கும்வரை மூடாத 'பி'-யில் வைத்துத் திறந்து, கையில் தனியாக வைத்திருக்கும் ஃப்ளாஷை வேண்டிய நேரத்தில் அடித்து, அப்புறம் ஷட்டரை மூடுவார்களாம். இருட்டான கோயில் மண்டபத்தை ஒரே ஃப்ளாஷை வைத்துக்கொண்டு தூண் தூணாக நடந்து அடித்து எடுத்திருக்கிறார். "ஷட்டர் வேற, ஃப்ளாஷ் வேற. ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சிட்டு இருக்க நீ."

விஷயம் அதேதான். இந்த வகைப் படத்தில் ஒரே ஃப்ரேமுக்குள் இரண்டு படங்கள் பதிவாகின்றன. தெரு விளக்கு, ஹாலஜன், சீரியல் லைட், தீப்பந்தம் போன்ற நின்று எரிகிற வெளிச்சத்தில் விழுவது ஒன்று. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்க அது சேர்ந்துகொண்டே இருக்கும். அதனால் அதில்தான் அசைவு இழுபடும். ஃப்ளாஷில் விழுவது இன்னொன்று. ஃப்ளாஷ் என்பது ஸெனான் வாயு அடைத்த குழாயில் ஒரு மின்னல் வெட்டு. முழுப் பவரில் அடித்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு செகண்டுக்கு அங்கே இங்கே. பவரைக் குறைக்கக் குறைக்க அந்த நேரமும் சுருங்கும். 1/32 பவருக்கு வந்துவிட்டால் சாதாரண கேமரா ஃப்ளாஷ்கூட பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே எரிகிறது. ஷட்டர் 1/200-ல் இருந்தாலும் 1/4-ல் இருந்தாலும் அந்த வெட்டு முழுசாக உள்ளே வந்துவிடும். ஆகவே ஷட்டரை மாற்றினால் ஃப்ளாஷ் விழுந்த முகத்தின் வெளிச்சம் மாறாது. பின்னால் இருக்கிற தெருவும், இழுபடுகிற கோடும்தான் கூடும் குறையும். முகத்தின் வெளிச்சத்தை மாற்ற ஃப்ளாஷ் பவரைத் தொட வேண்டும், அல்லது தூரத்தை. அபெர்ச்சரும் (லென்ஸ் துவாரத்தின் அளவு, 'எஃப்' எண்ணில் சொல்வது) ஐஎஸ்ஓவும் (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூர்மையாக வாங்குகிறது என்கிற எண்) இரண்டு வெளிச்சத்துக்கும் பொது.

இந்த நாலு வரியைப் படித்தால் சாதாரணமாகத் தெரியும். கைக்கு வருவதற்கு எனக்கு ஒரு தீபாவளி தேவைப்பட்டது.

தசரா முடிந்து கொஞ்ச நாளில் தீபாவளி வந்துவிடும் அல்லவா. மொட்டை மாடியில் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, டிரைபாடில் கேமராவை வைத்தேன். அக்கா மகள் கையில் ஒரு கம்பி மத்தாப்பு. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். ஐஎஸ்ஓ 100, எஃப் 11, ஷட்டர் 2 செகண்ட், ஃப்ளாஷ் பாதிப் பவர். "மாமா, என்ன எழுத?" என்றாள். 'அ' எழுதச் சொன்னேன். முதல் படத்தில் ஃப்ளாஷ் ஷட்டர் திறந்ததுமே அடித்துவிட்டது. எழுதத் தொடங்குவதற்காகக் கையைத் தூக்கியபடி பிள்ளை நிற்கிறாள். எழுத்து அவளுக்குச் சம்பந்தமில்லாமல் முகத்தின் மேலேயே ஓடிக் கிடக்கிறது. ஃப்ளாஷைக் கடைசியில் அடிக்கும்படி மாற்றினேன். இப்போது எழுத்தின் வால் எங்கே முடிகிறதோ அங்கே மத்தாப்பின் நுனியும், அதைப் பிடித்த கையும், எழுதி முடித்த சந்தோஷத்தில் அவள் முகமும் இருந்தன. எழுத்து மட்டும் இடவலம் மாறியிருந்தது. கேமராவைப் பார்த்து எழுதுகிறவருக்கு நேராக இருப்பது நமக்குத் திரும்பித்தான் விழும். கம்ப்யூட்டரில் படத்தைத் திருப்பிக் காட்டியதும்தான் அவள் சமாதானமானாள்.

1949-ல் பிரான்ஸ் நாட்டு வல்லோரிஸ் என்ற ஊரில் ஓவியர் பிக்காசோவை ஜியோன் மிலி என்ற புகைப்படக்காரர் இப்படித்தான் எடுத்தார். இருட்டறையில் சின்ன விளக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு பிக்காசோ காற்றில் வரைகிறார்; கோடு முழுக்கப் பதிகிறது; ஒரு ஃப்ளாஷ் வெட்டில் பிக்காசோவும் பதிகிறார். மிலி எஞ்சினியரிங் படித்தவர். அமெரிக்காவின் எம்ஐடியில் மின் ஃப்ளாஷை வளர்த்தெடுத்த ஹெரால்ட் எட்ஜர்டனோடு சேர்ந்து வேலை செய்தவர். கம்பி மத்தாப்பும் ஒரு இருட்டு மாடியும் இருந்தால் அதே பாடத்தை நம் வீட்டிலேயே படித்துவிடலாம். ஆட்டக்காரர்கள் முன்னால் போய் நின்று பழகாதீர்கள். அவர்கள் உங்களுக்காக ஆடவில்லை.

சரி, மறுபடி குலசைக்கு வருவோம்.

என் கணக்கு இப்போது இப்படி ஓடுகிறது. கேமராவை முழு மேனுவலில் வைக்கிறேன். முதலில் ஃப்ளாஷை அணைத்துவிட்டுத் தெருவை மட்டும் எடுத்துப் பார்ப்பேன். ஹாலஜன் போட்ட தெருவில் ஐஎஸ்ஓ 800, எஃப் 5.6, 1/8 செகண்டில் பெரும்பாலும் பார்த்தது பார்த்தபடி வருகிறது. அதற்கு ஒரு படி கீழே, அதாவது வெளிச்சம் பாதியாகி, கொஞ்சம் இருட்டாக இருக்கும்படி விடுவேன். ஷட்டரை அப்படியே வைத்து ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் போதும். அப்புறம் ஃப்ளாஷைப் போட்டு, இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிற ஒருவரை, கூட வந்த தம்பியையோ சுண்டல் விற்கிறவரையோ கேட்டு நிற்கவைத்து, முகம் சரியாக வருகிற வரைக்கும் பவரைக் கூட்டிக் குறைப்பேன். வெளிச்சத்தைப் பரப்புகிற டிஃப்யூசர் போட்ட என் ஃப்ளாஷுக்கு அது 1/16-ல் நிற்கும். அதற்கப்புறம் ராத்திரி முழுக்க அந்த இரண்டு மீட்டரை நான் காப்பாற்ற வேண்டும். ஃப்ளாஷ் வெளிச்சம் தூரம் இரண்டு மடங்கானால் கால் பங்காகக் குறைந்துவிடும். இரண்டு மீட்டரில் சரியாக இருக்கிற முகம் நாலு மீட்டரில் நிழல். ஆடுகிறவர் ஒரு எட்டு முன்னால் பாய்ந்தால் முகம் வெளுத்துவிடும். அவர் முன்னால் வந்தால் நானும் ஒரு எட்டு பின்னால் போவேன், அவர் பின்வாங்கினால் முன்னால். கால் இதைக் கற்றுக்கொள்ளும்.

ஏன் தெருவை ஒரு படி இருட்டாக விடுகிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அசைகிற ஆளுக்குப் பின்னால் பளீர் வெளிச்சம் இருந்தால், அவர் நகர்ந்துவிட்ட இடத்தில் அந்த வெளிச்சம் ஏறிப் பதிந்துவிடும். ஃப்ளாஷ் பிடித்து நிறுத்திய உருவத்தின் மேலேயே அது விழும். ஒரு நல்ல படம் எனக்கு அப்படிப் போனது. காளியின் கண், நாக்கு, திருநீறு எல்லாம் அச்சு மாதிரி இருக்கிறது. கிரீடத்துக்குள் ஜூஸ் கடையின் டியூப் லைட் நீளமாகத் தெரிகிறது. ஆள் கண்ணாடியால் செய்தவர் மாதிரி ஆகிவிட்டார். அன்றிலிருந்து ஆட்டத்தைப் பார்ப்பதற்கு முன் ஆட்டத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன். வேப்பமரம், பூட்டிய கடை, இருட்டுச் சந்து, கறுத்த வானம் இவையெல்லாம் நமக்கு நண்பர்கள். வானம் வேண்டுமென்றால் முட்டி போட்டுக் கீழிருந்து எடுக்க வேண்டும். கிரீடத்துக்கும் அதுதான் அழகு.

எது இழுபடும் என்பதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தெரு வெளிச்சத்தில் மினுங்குகிற பொருள்தான் கோடு போடும். ஜிகினா, கிரீடத்தின் ஓரம், வாளின் விளிம்பு, வெள்ளை வேட்டி, மஞ்சள் துண்டு எல்லாம் அழகாக இழுக்கும். கறுப்புச் சட்டைக்காரர் என்னதான் சுழன்றாலும் ஒன்றும் வராது.

சீரியல் லைட்டை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு குழு கிரீடத்தைச் சுற்றிக் குட்டி எல்ஈடிகளைக் கோத்து வந்தார்கள். கோயில் சப்பரத்துக்குப் போடுகிற மாதிரி நீள வயர் இழுத்து, ஜெனரேட்டர் வண்டியிலிருந்து கரண்ட். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த விளக்குகள் போட்ட கோடு தொடர்ச்சியாக இல்லை; பாசிமணி கோத்த மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. 1/10 செகண்டில் எடுத்த படம். ஒரு விளக்கின் தடத்தை எடுத்து எண்ணினேன். பத்துப் புள்ளி. நம் ஊர் கரண்ட் செகண்டுக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வெளிச்சம் ஏறி இறங்குகிறது. ஆக செகண்டுக்கு நூறு, 1/10 செகண்டுக்குப் பத்து. கண்ணுக்கு நின்று எரிவதாகத் தெரிகிற விளக்கு, படத்தில் தன் துடிப்பைத் தானே எண்ணிக் காட்டிவிட்டது. பேட்டரியில் எரிந்த இன்னொரு கிரீடத்தின் கோடு வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று இருந்தது. எனக்கு இரண்டுமே பிடிக்கும். ஆனாலும் பாசிமணிக் கோடு கிடைத்த அன்று தூக்கம் வரவில்லை.

எந்த ஆட்டத்துக்கு எவ்வளவு ஷட்டர் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தப்படிக்கிற கைக்கு 1/15 போதும், அதற்குமேல் போனால் கையே மறைந்துவிடும். சுற்றிச் சுழல்கிற காளிக்கு 1/8. நடந்து வருகிற ஊர்வலத்துக்கு 1/4. அரை செகண்டுக்கு மேல் போவது மிகவும் இருட்டான இடத்தில் மட்டும். சுழல்கிறவரோடு சேர்த்துக் கேமராவையும் லேசாகச் சுழற்றினால் பின்னால் உள்ள விளக்கெல்லாம் வளையமாக ஓடும். முகம் ஃப்ளாஷில் நின்றுவிடும். ஒரு ராத்திரிக்கு அப்படி ஐந்தாறு படம் போதும், எல்லாப் படத்திலும் செய்தால் திகட்டிவிடும்.

நிறம் ஒரு தொல்லை. ஹாலஜன் மஞ்சள், ஃப்ளாஷ் வெள்ளை. இரண்டும் கலந்தால் முகம் நீலம் பாய்ந்தும், தெரு ஆரஞ்சாகவும் போகும். ஃப்ளாஷ் முகத்தில் ஆரஞ்சு ஜெல் பேப்பரை ஒட்டி, எந்த வெளிச்சத்தை வெள்ளையாக எடுத்துக்கொள்வது என்று கேமராவுக்குச் சொல்கிற வெள்ளைச் சமநிலையை 3200 கெல்வினுக்கு இறக்கினால் இரண்டும் ஒரே குடும்பத்துக்கு வந்துவிடும். ஜெல் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னும், பவரை ஒரு படி கூட்டிக்கொள்ள வேண்டும். இப்போது பாதித் தெருக்களில் வெள்ளை எல்ஈடி வந்துவிட்டதால் பையில் ஜெல்லை வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்துப் போடுவதும் எடுப்பதுமாக இருக்கிறேன்.

ஃப்ளாஷை முதலில் அடிப்பதா, கடைசியில் அடிப்பதா? கேமராவில் ஷட்டருக்கு இரண்டு திரை. முதல் திரை திறந்ததும் அடிப்பது ஃப்ரண்ட், இரண்டாம் திரை மூடப் போகிற நேரத்தில் அடிப்பது ரியர். நேர்கோட்டில் நகர்கிற எதற்கும் ரியர்தான். ஃப்ரண்டில் எடுத்தால் ஆள் நின்ற இடத்துக்கு முன்னால் கோடு போகும். பின்னோக்கி நடக்கிற மாதிரி இருக்கும். ரியரில் கோடு பின்னால் தொங்கும், ஆள் முன்னால் பாய்வார். ஒரே இடத்தில் சுற்றுகிற, குதிக்கிற ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. அங்கே நான் ஃப்ரண்ட்தான் வைக்கிறேன், ஏனென்றால் அழுத்தியதும் அடித்துவிடும்.

ரியரில் இன்னொரு சங்கடம் எனக்கு நேர்ந்தது. ஃப்ளாஷை டிடிஎல்லில், அதாவது கேமராவே பவரைக் கணிக்கும்படி விட்டிருந்தேன். டிடிஎல்லில் நிஜ ஃப்ளாஷுக்கு முன் அளவு பார்க்க ஒரு சின்ன ஃப்ளாஷ் போகும். சாதாரணமாக இரண்டும் ஒட்டி வருவதால் நமக்கு ஒன்றாகவே தெரியும். ரியரில், ஷட்டர் அரை செகண்ட் திறந்திருந்தால், ஆரம்பத்தில் ஒன்றும் கடைசியில் ஒன்றுமாகத் தனித்தனியாக வரும். குறத்தி வேஷம் போட்ட ஒரு பெரியவர் எனக்காக ஒரு சுற்று ஆடிக் காட்டினார். முதல் மினுக்கைப் பார்த்ததும் படம் எடுத்தாகிவிட்டது என்று நினைத்து ஆட்டத்தை நிறுத்தித் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாவது ஃப்ளாஷ் அவர் உச்சந்தலையில் விழுந்தது. மூன்று முறையும் அப்படியே. அவரைச் சிரமப்படுத்தியதுதான் மிச்சம். அதோடு டிடிஎல்லை விட்டுவிட்டேன்.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். அருள் வந்து ஆடுகிறவரின் முகத்துக்கு நேராக ஃப்ளாஷ் அடிக்காதீர்கள். விரதமிருந்து, பத்து நாள் நடந்து, சாமியை உடம்பில் வாங்கி நிற்கிற ஒருவருக்கு நம் படம் ஒரு பொருட்டே இல்லை. கிரீடம் கனம், கையில் வாள், கண்ணில் மின்னல் வெட்டினால் கால் தடுமாறலாம், பக்கத்தில் குழந்தைகள் நிற்பார்கள். குழுவின் தலைவரிடம் முதலில் கேட்டுக்கொள்வேன். ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, தூரத்திலிருந்தே அதை அடிக்கவைக்கிற டிரிகர் போட்டு, கூட வருகிற தம்பி கையில் கொடுத்து, பக்கவாட்டில் உயரமாகப் பிடிக்கச் சொல்கிறேன். பார்வைக்கு நேராக வராது, பவரும் குறைவு. படமும் அதனால் உயர்ந்தது. பக்க வெளிச்சத்தில் நெற்றிக் குங்குமத்தின் பருபருப்புகூடத் தெரிகிறது. ஆட்டம் உச்சத்துக்குப் போய்விட்டால் ஃப்ளாஷை அணைத்துவிடச் சொல்வேன். அப்போது கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கும்பிட்டுவிட்டு நிற்பதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

மொபைலில் முடியுமா என்றால், பாதி முடியும். ப்ரோ மோடில் ஷட்டரை இறக்கினால் கோடு வரும். மொபைலில் இருப்பது எல்ஈடி. ஃப்ளாஷ் என்று பெயர் இருந்தாலும் அது நிதானமாக எரிந்து அணைகிற டார்ச்தான். அசைகிற ஆளை அது நிறுத்தாது.

சூரசம்ஹாரத்துக்கும் ஃப்ளாஷ் உதவாது. சிதம்பரேஸ்வரர் கோயில் எதிரே கடற்கரையில் அம்மன் சப்பரம் ஒரு பக்கம், மகிஷாசூரன் ஒரு பக்கம், நடுவில் கடல் மாதிரி ஜனம். அத்தனை தூரத்துக்கு எந்தக் கேமரா ஃப்ளாஷும் எட்டாது. முன்னால் நிற்பவர்களின் பின்னந்தலைதான் வெளுக்கும். அங்கே மோனோபாட் என்கிற ஒற்றைக்கால் ஸ்டாண்டும் 1/4 செகண்டும்தான். தலையை மாற்றி மாற்றி வரும் சூரன் ஆடி அசைந்து வரும்போது இழுபடட்டும், அம்மன் சப்பரம் நிற்கிற நொடிக்குக் காத்திருந்து அழுத்துங்கள். ஒன்று நிற்கிறது, ஒன்று ஓடுகிறது. ஃப்ளாஷ் செய்கிற வேலையை அங்கே அம்மனே செய்துவிடுகிறாள். உப்புக் காற்றில் லென்ஸ் மூடிக்கொள்ளும், நாலு படத்துக்கு ஒரு தரம் துணியால் துடைக்க வேண்டும்.

இனி தப்புக்காரர் சொன்ன பாடம்.

போன தசராவின் ஒன்பதாம் ராத்திரி. கடல் ஈரத்தில் தோல் தொய்ந்துவிட்டது என்று ஒரு குழு ஓரமாக ஒதுங்கி, காய்ந்த பனை ஓலையைக் கொளுத்தித் தப்புகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அதுவரை எடுத்ததை அவர்களிடம் காட்டினேன். மூத்தவர் ஒருவர் ஓலைத் தீ வெளிச்சத்திலேயே கேமராத் திரையைப் பார்த்தார். ஆட்டக்காரர் படங்களை நன்றாக இருக்கிறது என்றார். அவர் படம் வந்ததும் விரலை வைத்து நிறுத்தினார்.

"குச்சி தோல விட்டு எந்திரிச்சிட்டு தம்பி. அடி முடிஞ்சு போச்சு."

அடுத்த படம். அதுவும் அப்படியே. பத்துப் படத்திலும் அடிக்குச்சி தோலிலிருந்து ஒரு சாண் மேலே நின்றது. நான் கவனிக்கவே இல்லை. என் கண்ணுக்கு எல்லாம் அடிக்கிற படமாகத்தான் தெரிந்தன. அவருக்கு ஒன்றுகூட அடி இல்லை.

"பாத்துட்டு அமுக்குத. பாத்து அடிச்சா நாங்களும் பிந்திதான் அடிப்போம். கேட்டு அமுக்கு."

காய்ச்சிய தப்பை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, எனக்காக அந்த அடவை மெதுவாக ஒரு முறை அடித்துக் காட்டினார். மறு கையில் இருக்கிற மெல்லிய சிண்டுக்குச்சி சின்னச் சின்னதாகப் பொரிந்துகொண்டிருக்க, அடிக்குச்சியின் பெரிய அடி எங்கே விழுகிறது என்று தலையை ஆட்டிக் காட்டினார். ஐந்து நிமிஷம் காலால் தட்டிக்கொண்டே பக்கத்தில் நின்றேன். கண்ணில் பார்த்து, மூளைக்குப் போய், விரலுக்கு வருவதற்குள் செகண்டில் கால் பங்கு போய்விடுகிறது. அதற்குமேல் கேமராவின் சொந்தத் தாமதம். ரியரில் வைத்திருந்தால் ஷட்டர் திறந்திருக்கும் நேரமும் சேரும். தாளம் காலில் ஏறிவிட்டால் முதல் தாமதம் முழுசாக ஒழிந்துவிடும், ஏனென்றால் அடுத்த அடி எப்போது விழும் என்று முன்பே தெரியும். கேமராத் தாமதத்துக்கு இம்மியளவு முந்தி அழுத்தினால் போதும். ஃப்ளாஷை ஃப்ரண்டுக்கு மாற்றிக்கொண்டேன்.

மறுநாள், பத்தாம் ராத்திரி, சம்ஹாரத்துக்கு முன்னால், கடற்கரைக்குப் போகிற வழியில் அதே குழு எதிரே வந்தது. அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அடிக்கத் தொடங்கினார். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டு போகவில்லை. இடுப்பளவில் பிடித்துக்கொண்டு, காலால் தட்டி, கேட்டு அழுத்தினேன். முதல் ஏழெட்டுப் படம் வீண். அப்புறம் ஒன்று விழுந்தது. அடிக்குச்சி தோலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. தோலின் மேல் யாரோ அப்பிவிட்ட குங்குமம் தூசியாக எழும்பி, ஃப்ளாஷில் ஒவ்வொரு துகளாக நிற்கிறது. அவர் கண் மூடியிருக்கிறது. மற்றக் கை, மஞ்சள் துண்டு, பின்னால் ஆடுகிறவர்கள் எல்லாம் 1/15 செகண்டின் நீளத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அண்ணாச்சியிடம் அதைக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் மேஜையில் விரலால் தாளம் தட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். அவரிடம் கொடுக்க வேண்டும். பேர் கேட்டுக்கொள்ளவில்லை. குழுவின் பேனர் படத்தில் பின்னால் இருக்கிறது, ஃப்ளாஷ் எட்டாத தூரத்தில், நடந்து வருகிறவர்களின் கையில். ஊர்ப் பெயர் முழுக்க இழுபட்டு, கடைசி 'ளம்' மட்டும் தெரிகிறது. எங்கள் பக்கத்தில் 'குளம்' என்று முடிகிற ஊருக்குக் கணக்கே இல்லை. இந்த வருஷம் கொடியேற்றத்தன்றே போய்விட வேண்டும்.